அதிர்வு மெஷினுக்குக் கடன் கொடுக்கலாமா?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் இயன்முறை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"மேடம், சாப்பாட்டுக்கு முன்னாடி உங்க பேச்சு. பார்த்து முடிச்சுக்கோங்க" என்று செயலாளர் அக்கா முதலிலேயே சொல்லிவிட்டார்கள். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

போன ஆடி மாசம் உங்கள் கூட்டமைப்பைச் சேர்ந்த ஒரு குழுவின் ஊக்குநர் எனக்குப் போன் செய்தார். அவர்கள் குழுவில் ஒரு தங்கச்சி 48,000 ரூபாய் உள்கடன் கேட்டிருக்கிறாள். அவளுடைய மகளுக்கு ஆறு வயது. மூளை முடக்குவாதம். உட்கார வைத்தால் சாய்ந்துவிடுவாள். கால் இரண்டும் கத்தரிக்கோல் மாதிரி பின்னிக்கொள்ளும். யாரோ செல்போனில் ஒரு வீடியோ அனுப்பியிருக்கிறார்கள். வெளிநாட்டுக் குழந்தை ஒன்று அதிரும் பலகையின் மேல் நிற்கிறது. அடுத்த காட்சியில் நடக்கிறது. கீழே ஒரு நம்பர். அந்த நம்பருக்குப் பேசினால், "மெஷினை வாங்குங்கம்மா, மூணே மாசத்துல பாப்பா நடந்துடும்" என்கிறார்கள்.

குழுவில் பாதிப் பேர் "பெத்தவ கேக்குறா, கொடுத்துடலாம்" என்றார்களாம். மீதிப் பேர் "தவணையை எப்படிக் கட்டுவா?" என்றார்களாம். ஊக்குநர் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "மேடம், தீர்மான நோட்டுல எழுதறதுக்கு முன்னாடி கேக்குறேன். இந்த மெஷின் உண்மையா, பொய்யா?"

உண்மை, பொய் என்று ஒரே வார்த்தையில் என்னால் சொல்ல முடியவில்லை. நாளைக்கு உங்கள் குழுவிலும் இதே கேள்வி வரலாம். அதனால் அவரிடம் போனில் சொன்னதை இன்று உங்கள் எல்லோருக்கும் சொல்கிறேன்.

முதலில் நோயைப் பற்றி இரண்டு வார்த்தை. வளரும் மூளையில் ஏற்படும் பாதிப்பைத்தான் மூளை முடக்குவாதம் என்கிறோம். குழந்தை வயிற்றில் இருக்கும்போதோ, பிரசவத்தின்போதோ, பிறந்த கொஞ்ச காலத்திலோ அது ஏற்படலாம். குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கு வாய்ப்பு அதிகம். கிரகணத்தில் வெளியே போனதால் வருவதில்லை. யாருடைய சாபத்தாலும் வருவதில்லை. இதை வீட்டில் உள்ள பெரியவர்களிடம் தயவுசெய்து சொல்லுங்கள். ஏனென்றால் நான் பார்க்கிற தாய்மார்களில் பலர், குழந்தையைச் சுமப்பதோடு இந்தப் பழியையும் சேர்த்துச் சுமக்கிறார்கள்.

மூளையில் பட்ட அந்தக் காயம் நாளாக நாளாகப் பெரிதாகாது. ஆனால் அதனால் சதை இறுகும், மூட்டு மடங்கும், நிற்காத காலில் எலும்பு மெலியும். இந்த மூன்றும் வயதோடு கூடிக்கொண்டே போகும். பிசியோ சிகிச்சை எல்லாமே இந்த மூன்றையும் தடுத்து, குழந்தையால் முடிந்த அசைவைக் கூட்டுவதற்குத்தான். அதிர்வு சிகிச்சையும் அப்படித்தான். மூளையில் உள்ள காயத்தை அது ஆற்றாது. இதை முதலில் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, அந்தப் பலகை என்ன செய்கிறது?

பஸ்ஸில் உட்கார இடம் இல்லாமல் நின்றுகொண்டு வருகிறீர்கள். ரோடு குண்டும் குழியுமாக இருக்கிறது. வண்டி ஆடுகிற ஆட்டத்துக்கு உங்கள் காலும் இடுப்பும் தானாகவே இறுகும், தளரும். "வலது காலே, இப்போ இறுகு" என்று நீங்கள் கட்டளை போடுவதில்லை. டாக்டர் முட்டிக்குக் கீழே சின்னச் சுத்தியால் தட்டினால் கால் தானாக உதறுகிறது இல்லையா, அதே மாதிரிதான். சதை சட்டென்று இழுபட்டால், தண்டுவடம் வழியாகவே பதில் வந்து சதை சுருங்கிவிடும்.

சிகிச்சைக்குப் பயன்படும் பலகைகளில் ஒரு வகை, குழந்தைகள் விளையாடும் சீசா போல வேலை செய்யும். வலது பக்கம் ஏறும்போது இடது பக்கம் இறங்கும். ஏற்றம் சில மில்லிமீட்டர்தான். ஆனால் வேகம் விநாடிக்கு 12 தடவையில் ஆரம்பித்து 25 தடவை வரை போகும். விநாடிக்கு 20 என்று வைத்தால் மூன்று நிமிடத்தில் 3,600 தடவை. தானாகக் காலை அசைக்க முடியாத குழந்தையின் சதைக்கு இப்படி வேலை கொடுக்க முடியும் என்றால் டாக்டர்களுக்கு ஆசை வருமா, வராதா?

நிற்கவே முடியாத குழந்தைக்கு சாய்வு மேசை இருக்கிறது. குழந்தையைப் படுக்க வைத்து, பட்டி கட்டி, பாதம் பலகையில் பதியும்படி மேசையைக் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்துவார்கள். குழந்தை தாங்கும் அளவுக்கு மட்டும் எடை காலில் இறங்கும்.

இந்த யோசனை புதுசு இல்லை. 1892-இல் பாரிஸ் நகரில் ஷார்கோ என்ற பெரிய நரம்பியல் மருத்துவர் இருந்தார். கை நடுங்கும் பார்க்கின்சன் நோயாளிகள் அவரிடம், "ரயிலிலோ குதிரை வண்டியிலோ ரொம்ப தூரம் போய் வந்தா உடம்பு லேசா இருக்கு" என்று சொல்லியிருக்கிறார்கள். உடனே அவர் ஆடும் நாற்காலி ஒன்றைச் செய்யச் சொன்னார். அதில் உட்கார்ந்தவர்கள் சுகம் தெரிகிறது என்றார்கள். 120 வருஷம் கழித்து, 2012-இல், அமெரிக்காவில் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு பகுதி நோயாளிகளுக்கு அதிரும் நாற்காலி. இன்னொரு பகுதிக்கு அதே நாற்காலி, ஆனால் அதிராது. முடிவு என்ன தெரியுமா? இரண்டு பகுதியினரும் ஏறக்குறைய ஒரே அளவு தேறினார்கள்.

அப்படியென்றால் ஆட்டம் வேலை செய்ததா, தினமும் நிம்மதியாக உட்கார வைத்துக் கவனித்தது வேலை செய்ததா? ஒப்பிட்டுப் பார்த்தால்தான் தெரியும். வீடியோவில் ஒரு குழந்தையை மட்டும் காட்டினால் தெரியாது. அந்தக் குழந்தை மெஷின் இல்லாமலே நடந்திருக்குமா என்று யார் சொல்வது?

குழந்தைகளுக்குச் செய்த ஆய்வுகளுக்கு வருகிறேன். மூன்று மட்டும் சொல்கிறேன்.

2004-இல் வெளிவந்த ஆய்வில், இயக்கக் குறைபாடு உள்ள, ஆனால் கால் ஊன்றக்கூடிய 20 குழந்தைகளைச் சேர்த்தார்கள். பாதிப் பேர் மெல்ல அதிரும் பலகையில் தினம் 10 நிமிடம், வாரம் 5 நாள், ஆறு மாதம் நின்றார்கள். மீதிப் பேர் அதிராத பலகையில் நின்றார்கள். அதிர்ந்த பலகையில் நின்றவர்களுக்கு முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பின் அடர்த்தி சுமார் 6 சதவீதம் கூடியது. மற்றவர்களுக்கு சுமார் 12 சதவீதம் குறைந்தது. நல்ல செய்தி. இன்னொன்றும் அதில் உண்டு. சொன்ன நேரத்தில் பாதி கூடக் குழந்தைகள் பலகையில் நிற்கவில்லை. வெளிநாடாக இருந்தாலும் பிள்ளை பிள்ளைதானே!

கனடாவின் மான்ட்ரியல் நகரில் மூளை முடக்குவாதம் உள்ள 20 குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு 2010-இல் வந்தது. பத்துப் பேருக்கு வழக்கமான பிசியோ மட்டும். பத்துப் பேருக்கு அதோடு பள்ளியிலேயே தினம் 9 நிமிட அதிர்வு. ஆறு மாதத்தில் அதிர்வு பெற்றவர்களின் நடை வேகம் கூடியது. எலும்பு அடர்த்தியில் எதிர்பார்த்த முன்னேற்றம் வரவில்லை.

மூன்றாவது, ஜெர்மனியின் கொலோன் பல்கலைக்கழக மருத்துவமனை. இரண்டு காலும் பாதிக்கப்பட்ட 78 குழந்தைகளின் விவரத்தை 2010-இல் வெளியிட்டார்கள். அசைவு, சதை பலம், எலும்பு எல்லாவற்றிலும் முன்னேற்றம் தெரிந்தது. வீடியோக்காரர்கள் காட்டுவது இந்த மாதிரி ஆய்வைத்தான். ஆனால் அங்கே என்ன செய்தார்கள் என்று முழுசாகக் கேளுங்கள். மெஷினை வீட்டுக்குக் கொடுத்து, வாரத்துக்கு 10 தடவை, ஒவ்வொரு தடவையும் மூன்று மூன்று நிமிடமாக மூன்று சுற்று, ஆறு மாதம் செய்யச் சொன்னார்கள். நடுவில் குழந்தையை மருத்துவமனையில் தங்க வைத்துத் தீவிரமான உடற்பயிற்சியும் கொடுத்தார்கள். அதிர்வு பெறாத குழந்தைகளை வைத்து ஒப்பிட்டுப் பார்க்கவும் இல்லை. அப்புறம் இதில் மெஷினுக்கு எவ்வளவு பங்கு, பயிற்சிக்கு எவ்வளவு பங்கு என்று எப்படிப் பிரிப்பது?

நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது இதுதான். ஓரளவு கால் ஊன்றக்கூடிய குழந்தைக்கு, பயிற்சியோடு சேர்த்து, தெரிந்தவர் மேற்பார்வையில் கொடுத்தால் அதிர்வு கொஞ்சம் உதவலாம். இறுகிய சதை அதிர்வுக்குப் பிறகு கொஞ்ச நேரம் தளரும். அந்த நேரத்தில் காலை நீட்டி, நிற்க வைத்து, அசைவைப் பழக்க வேண்டும். பழக்காமல் விட்டால் சதை பழையபடி இறுகிவிடும். தலை நிற்காத, உட்கார முடியாத கடும் பாதிப்பு உள்ள குழந்தைகளுக்குச் சான்று இன்னும் குறைவு. "மூணு மாசத்துல நடக்கும்" என்று சொல்ல எந்த ஆய்வும் இடம் கொடுக்கவில்லை.

இப்போது என் தப்பு ஒன்றைச் சொல்ல வேண்டும்.

படிப்பு முடித்த புதுசில் ஒரு தனியார் மையத்தில் வேலை பார்த்தேன். அங்கே ஒரு அதிர்வுப் பலகை இருந்தது. ஏழு வயசுப் பையனை அவன் அம்மா தினமும் இரண்டு பஸ் மாறித் தூக்கிக்கொண்டு வருவார். இருபது தடவைக்கு மொத்தமாகப் பணம் கட்டியிருந்தார். காதில் இருந்த தோடு அதற்குப் போயிருந்தது. பலகையில் பிடித்து நிறுத்தினால் பையன் அழுவான். பேச்சு வராத குழந்தை. "பயத்துல அழறான், பழகிடும்மா" என்றேன். எட்டு நாள் அப்படியே போனது. ஒன்பதாம் நாள் மூத்த பிசியோ ஒருவர் பார்த்துவிட்டு, "இடுப்பு எக்ஸ்ரே எங்க?" என்று கேட்டார். எக்ஸ்ரேயே எடுக்கவில்லை. எடுத்துப் பார்த்தால் இடது இடுப்பு மூட்டு கிண்ணத்தை விட்டு விலகி இருந்தது. அந்தப் பையன் பயத்தில் அழவில்லை, வலியில் அழுதிருக்கிறான்.

அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. "உங்களுக்கும் தெரியலையா மேடம்" என்று மட்டும் கேட்டார். இன்றைக்கும் புதிதாக ஒரு குழந்தை வந்தால் நான் முதலில் கேட்பது இடுப்பு எக்ஸ்ரேயைத்தான்.

ஆஸ்திரேலியாவில் செய்த ஒரு பெரிய கணக்கெடுப்பு 2006-இல் வெளியானது. மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளில் மூன்றில் ஒருவருக்கு இடுப்பு மூட்டு விலகுகிறது. நன்றாக நடக்கும் குழந்தைகளுக்கு அந்த ஆபத்து அநேகமாக இல்லை. தலையே நிற்காத கடும் பாதிப்பு உள்ளவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு விலகுகிறது. ஆரம்பத்தில் வெளியே தெரியாது. டயபர் மாற்றும்போது கால் விரியாது, தூக்கும்போது அழும், ஒரு கால் குட்டையாகத் தெரியும். அரசு மருத்துவமனையில் எடுக்கும் ஒரு எக்ஸ்ரே அதைக் காட்டிவிடும்.

அதிர்வு யாருக்குக் கொடுக்கக் கூடாது, யாருக்கு டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது என்று சொல்கிறேன். அடங்காத வலிப்பு உள்ள குழந்தை. எலும்பு முறிந்து ஆறாத குழந்தை. அண்மையில் ஆபரேஷன் செய்த குழந்தை. உடம்பில் கம்பியோ தகடோ வைத்த குழந்தை. தலையில் நீர் வடியக் குழாய் வைத்த குழந்தை. இடுப்பு விலகிய குழந்தை. காய்ச்சலோ மூட்டு வீக்கமோ உள்ள குழந்தை. சிறுநீரகக் கல் உள்ள குழந்தை. இந்தக் கேள்விகளில் ஒன்றைக் கூடக் கேட்காமல் போனிலேயே மெஷின் விற்பவரை நம்பலாமா?

விற்பனைக்கு வரும் விலை குறைந்த பலகைகளில் பெரும்பாலானவை பெரியவர்கள் உடம்பு இளைக்க நிற்பதற்காகச் செய்தவை. விநாடிக்கு எத்தனை தடவை அதிர்கிறது என்று பல மெஷினில் தெரியாது. குழந்தையைத் தாங்கிப் பிடிக்கப் பட்டியும் இல்லை. முட்டியை மடக்காமல் விறைப்பாக நிறுத்தினால் அதிர்வு தலை வரை ஏறும். கையில் பிடிக்கும் மசாஜ் மெஷின் வேறு சமாச்சாரம். அதையும் இதையும் ஒன்று என்று சொன்னால் நம்பாதீர்கள்.

சரி, அந்தத் தங்கச்சிக்கு என்ன பதில் சொன்னோம்?

"கடன் வேண்டாம்னு மட்டும் சொல்லிடாதீங்க. ஒரு தாய் வந்து கேட்டிருக்கா. வேற எதுக்குக் கொடுக்கலாம்னு பாருங்க" என்று ஊக்குநரிடம் சொன்னேன். குழு மறுபடியும் கூடியது. 9,000 ரூபாய்க்குத் தீர்மானம் போட்டார்கள். முதல் செலவு ஆட்டோவுக்கு. மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்ததில் வலது இடுப்பு பாதி விலகியிருந்தது. எலும்பு டாக்டர் பார்த்து, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வரச் சொல்லியிருக்கிறார், ஆபரேஷன் தேவைப்படலாம் என்றும் சொல்லியிருக்கிறார். அந்த மெஷினை வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

டாக்டர் சம்மதித்த பிறகு, நான் அளவு எடுத்துக் கொடுக்க, உள்ளூர் ஆசாரி ஒருவர் மரத்தில் நிற்கும் சட்டகம் செய்து கொடுத்தார். நெஞ்சுக்கும் இடுப்புக்கும் முட்டிக்கும் பட்டி, முன்னால் ஒரு சின்னப் பலகை. அதில் காலையில் 20 நிமிடம், மாலையில் 20 நிமிடம் பாப்பா நிற்கிறாள். கால் ரெண்டுக்கும் நடுவில் ஒரு தலையணை. பலகையில் பயறு, புளியங்கொட்டை வைத்தால் கையால் தள்ளி விளையாடுகிறாள். எலும்புக்கு எடை இறங்குகிறது, சதை நீள்கிறது.

குழு இன்னொன்றும் செய்தது. அதற்குப் பணமே செலவாகவில்லை. உறுப்பினர்கள் முறை போட்டுக்கொண்டு தினமும் இரண்டு மணி நேரம் பாப்பாவைப் பார்த்துக்கொள்கிறார்கள். எப்படித் தூக்குவது, எப்படி உட்கார வைத்து ஊட்டுவது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்தேன். அந்தத் தங்கச்சி தையல் வேலையைத் திரும்ப ஆரம்பித்துவிட்டாள், தவணையும் கட்டுகிறாள். பாப்பா நடக்கவில்லை. நடப்பாள் என்று நான் சொல்லவும் மாட்டேன். ஆனால் நிமிர்ந்து உட்கார வைத்து ஊட்டுவதால் புரையேறுவது குறைந்திருக்கிறது. ராத்திரி அழுவது குறைந்திருக்கிறது. போன வாரம் அவள் அம்மா சொன்னாள், "வாசல்ல யார் வந்தாலும் இப்ப தலையைத் தூக்கிப் பார்க்குறா மேடம்."

நமக்குக் கிடைக்க வேண்டியதையும் கேட்டு வாங்க வேண்டும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மூளை முடக்குவாதமும் இருக்கிறது. தனித்துவ அடையாள அட்டை எடுங்கள். கடும் பாதிப்பு உள்ளவர்களுக்குத் தமிழ்நாடு அரசு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை தருகிறது. மூளை முடக்குவாதம் உள்ளவர்களுக்கான தனி நாற்காலிக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். மத்திய அரசின் நிராமயா காப்பீட்டில் வருஷத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை உண்டு, தெரபி செலவும் அதில் சேரும். வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியரையும் பிசியோவையும் பாருங்கள். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோ செய்கிறார்கள். அதில் பெண் சுகாதாரத் தன்னார்வலர்களாக இருப்பவர்கள் மகளிர் குழுக்களில் இருந்து போனவர்கள்தானே! உங்களில் சிலரே இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். தெருவில் இப்படி ஒரு குழந்தை இருந்தால் முதலில் உங்களுக்குத்தான் தெரியும்.

கடைசியாக, எந்த மெஷினுக்கோ சிகிச்சைக்கோ கடன் கேட்டு வந்தால், தீர்மானம் எழுதும் முன் குழுவில் ஐந்து கேள்வி கேளுங்கள்.

ஒன்று, குழந்தையை நேரில் பார்த்த டாக்டரோ பிசியோவோ இதை எழுதிக் கொடுத்தார்களா?
இரண்டு, இடுப்பு எக்ஸ்ரே எடுத்தாச்சா?
மூன்று, என்ன மாற்றம் வரும், எத்தனை மாதத்தில், அதை எப்படி அளப்பார்கள்?
நான்கு, மாற்றம் வரவில்லை என்றால் எப்போது நிறுத்துவது?
ஐந்து, இதைத் தினமும் செய்யப்போவது யார்? அவளுக்கு உதவி யார்?

நான்காவது கேள்விக்கு விற்பவரிடம் பதில் இருக்காது. ஐந்தாவது கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியது நாம்தான்.

கேள்வி கேட்பது அந்தத் தாயைச் சந்தேகப்படுவது ஆகாது. அவள் ராத்திரி தூங்காமல் அந்த வீடியோவைப் பத்துத் தடவை பார்த்திருப்பாள். அவளோடு உட்கார்ந்து பதினோராவது தடவை நீங்களும் பாருங்கள், பார்த்துவிட்டு இந்தக் கேள்விகளைச் சேர்ந்து கேளுங்கள்.

செயலாளர் அக்கா கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். சாப்பிட்ட பிறகு பந்தலின் ஓரத்தில் உட்கார்ந்திருப்பேன். குழந்தையைக் கூட்டிவந்திருப்பவர்கள், பழைய எக்ஸ்ரே, சீட்டு எது இருந்தாலும் எடுத்துக்கொண்டு வாருங்கள், பார்க்கிறேன்.